இடுப்பு இளைத்த சக்கரங்கள்

மைலேஜ் மகான் வருகிறார் என்றதும் லாரி ஷெட்டில் வேலை நின்றது. டீசலை மிச்சம் பிடித்துத் தர வருகிறவரை வரவேற்க, முப்பது லாரிகள் காலையிலிருந்து இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தன. பக்தி என்றால் கொஞ்சம் புகையத்தான் செய்யும்.

மகான் இன்ஜினைத் திறந்து பார்ப்பதில்லை. அது மெக்கானிக்குகள் செய்கிற அற்ப வேலை. அவர் பின்டயரில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். "இந்தச் சக்கரம் பாவம் சுமக்குது" என்பார். சீடர்கள் அதைக் கழற்றிக்கொண்டு, மந்திரம் ஏற்றிய பழைய சக்கரத்தை மாட்டிவிடுவார்கள். பாவம் ஏன் புது டயராகப் பார்த்தே ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பாவமெல்லாம் மகானின் மச்சான் கடையில் விற்பனைக்கு வந்ததைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை.

பலன் கண்கூடு. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடிய லாரிகள் நாலே முக்கால் காட்டின. முதலாளிக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே ஒரு டிரைவர் மட்டும் சக்கரத்தைத் தரவில்லை. அவர் வண்டி நாலரையிலேயே நின்றது. எல்லோருக்கும் ஏறுகிறது, உனக்கு மட்டும் ஏறவில்லை என்றால் டீசலை எங்கே இறக்கி விற்கிறாய் என்று முதலாளி பிடித்துக்கொண்டார். மகானும் அவர் டயரில் காதை வைத்து, திருடன் கையில் மாட்டிக்கொண்டேன் என்று சக்கரம் அழுவதாகச் சொல்லிவிட்டார். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடச் சொன்னார். திருட்டுப் பட்டத்தோடு போகிறவருக்கு வேறு எந்த ஷெட் கதவைத் திறக்கும்?

சேதி கேட்டு அவர் மனைவி வந்தாள். தையல்காரி. மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்ததில் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அழுவாள் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அவளோ கணவரிடம், "என்னங்க, இந்த முனையைப் பிடிங்க" என்று சொல்லி அவர் லாரியின் பின்டயரைச் சுற்றி டேப்பை ஓட்டினாள்.

"நூத்தி முப்பது இஞ்சு."

பக்கத்து லாரியில் மந்திரச் சக்கரத்தையும் அளந்தாள்.

"நூத்திப் பதினேழு. இடுப்பு பதிமூணு இஞ்சு இளைச்சிருக்கே சாமி. அந்த மந்திரத்தை எங்க கடைக்கு வர்றவங்களுக்கும் சொல்லுங்களேன்."

யாரோ சிரித்தார். மகான் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

துறைமுகம் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று முதலாளியைக் கேட்டாள். தொண்ணூறு என்றார். அங்கே போய்ச் சேரும்போது பக்கத்து லாரியின் மீட்டர் இப்போது எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று கேட்டாள். நூறு.

"துறைமுகத்தை யாராவது தள்ளி வெச்சிட்டாங்களா?"

"பக்தி கூடினா பாதையும் நீளும்" என்றார் மகான். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

இப்போது கணவர் வாயைத் திறந்தார். மீட்டருக்குப் பாதை தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதைத்தான் எண்ணும் என்றார். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். இன்ஜினும் கூடவே கூடுதலாகச் சுற்றும். சமதரையிலும் ஒரு கியர் குறைத்து ஓட்டுகிற மாதிரிதான். டீசல் எப்படி மிச்சமாகும்?

"வண்டி செஞ்சவன் சக்கரத்தையும் கியரையும் ஒண்ணுக்கொண்ணு அளவு பார்த்துத்தான் போட்டிருக்கான்" என்றாள் மனைவி. "உடம்பு ஒரு அளவு, கை ஒரு அளவுன்னு சட்டை தைக்க முடியுமா?"

துறைமுகம் போக முன்னே இருபது லிட்டர், இப்போது எத்தனை என்று கணவர் கேட்டார். பக்கத்து லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். "இருபத்தொண்ணு."

முதலாளி தொண்ணூறை இருபத்தொன்றால் வகுத்துப் பார்த்தார். நாலரைகூட வரவில்லை. அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மகான் டேப்பில் தோஷம் இருப்பதாக அறிவித்தார். அப்போதும் இரண்டு பேர் டேப்பைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆனால் மற்ற டிரைவர்கள் தங்கள் சக்கரங்களைத் தேடி மச்சான் கடைக்குப் புறப்பட்டதும், மகான் அவர்களுக்கு முன்னே ஓடினார். அந்த வேகத்துக்கு டீசலே தேவைப்படவில்லை.

முதலாளி சாவியை நீட்டினார். டிரைவர் வாங்கவில்லை.

"திருடன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

முதலாளி சொன்னார். மெதுவாகச் சொன்னார். சத்தமாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் தையல்காரி. சொன்னார்.

கேட்டதும் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கிறவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை: கழுத்துக்கு மேலே இருப்பதையாவது கழற்றிக் கொடுக்காதீர்கள். அதை ஓடவிட ஒரு சொட்டு டீசலும் செலவாகாது.