அட்டைக்கு அழுதவள் சுறா பார்க்கப் போகிறாள்

அன்புத் தங்கை ஷாமிளாவுக்கு,

தெஹியோவிட்டத் தோட்டத்திலிருந்து அக்கா தர்மிளா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. பால் கொடுக்கிற எனக்குத்தான் சுகம் கொஞ்சம் குறைவு. மாலைதீவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

குரல் பதிவு அனுப்பினால் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான லயத்துச் சுவர் வழியாகப் பக்கத்து வீடு பதில் சொல்லிவிடும் என்பதால், பிள்ளை தூங்கிய பிறகு எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். "அக்கா, லீவுக்குக் கடலுக்கடியில எறங்கி சுறா பாக்கப் போறேன், நீதான் கெம்பஸ் போய்ப் படிச்சவ, எந்த எடம்னு நீயே சொல்லு, அம்மாட்ட மட்டும் மூச்சு விட்றாத" என்று நீ கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரப்பர் மலை வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது ஓர் அட்டை காலில் ஏறியதற்குத் தெரணியகலை வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதவள் நீ! அவளா ரிசோர்ட் வேலைக்குப் போய், நீச்சல் பழகி, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள் என்று நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பயத்துக்கு வேறு காரணமும் உண்டு. பிள்ளை பிறந்த கையோடு அம்மா, மீன்கார புவாட் நானாவிடம் சொல்லிவைத்து, பால் ஊறட்டும் என்று வாரம் தவறாமல் பால்சுறா வாங்கிப் பூண்டு தட்டிப் போட்டுக் கொடுத்தாரே! அந்த வம்சத்தில் பாதியைத் தின்றவள் நான். நமக்கோ ஒரே முகஜாடை. ஆழத்தில் ஒரு சுறா உன்னை உற்றுப் பார்த்து, "இவதான்டி அவ" என்று மற்றதைக் கூப்பிட்டால் என்ன செய்வாய்?

எதிரியை அறிந்துகொள்ளலாம் என்று வாசிக்கத் தொடங்கியவள், சுறாக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். உடம்பில் எலும்பே இல்லையாம். பூமியில் மரம் முளைக்கும் முன்பே கடலில் திரிந்தவையாம். சில தாய்ச் சுறாக்கள் இரண்டு வருடம் வரை சுமக்குமாம். பத்து மாதத்துக்கே நான் போட்ட ஆர்ப்பாட்டத்தை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் இடம் என்று வரும்போது நான் உன் அக்கா. நீ இருக்கிற மாலைதீவின் தெற்கிலே புலிச்சுறா, பெயரே வேண்டாம். தென்னாபிரிக்காவில் கூண்டுக்குள் விட்டு இறக்குவார்களாம். கூண்டில் இருக்க வேண்டியது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை போலும். பிஜியில் காளைச்சுறா, பஹாமாஸில் சுத்தியல் தலைச்சுறா. கடைசியில் கிடைத்தது நம்முடைய நிலாவெளிப் புறாத்தீவு. துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்ட சின்னச் சுறாக்கள். ஆளைக் கண்டால் புது மாப்பிள்ளை மாதிரி அதுவாகவே ஒதுங்கிப் போய்விடுமாம். நீ ஆசைதீரப் பார். கரையில் நானும் பிள்ளையும் நிற்போம். அவள் பிறந்ததிலிருந்து சித்தியைப் போனில்தானே நக்கிப் பார்த்திருக்கிறாள்! அம்மாவுக்கு ஒரு சொல் தெரியாது, என்னை நம்பு.

மூச்சு முட்டாமல், முகமூடி கழலாமல், அழகான சுறாக்களை மட்டும் கண்டு நீ கரையேற வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா,
தர்மிளா

பி.கு.: இதைப் படம் எடுக்கும் முன் விடிந்துவிட்டது, அம்மா என் போனையும் பார்த்துவிட்டார். ஒரே சுறாப் படமாகக் கிடந்ததைக் கண்டு, "ஏன்டி, மறுபடியும் முழுகாம இருக்கியா? பால்சுறாவுக்கு இப்பவே அலையிற?" என்றார். உன் மச்சான் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. அவரைக் காப்பாற்ற உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கத்தவில்லை. "நிலாவெளிதானே? கெட்டிக்காரி எம் மக! நாமளும் போவோம்" என்றார். பொழுது சாய்வதற்குள் லயமே ட்ரிப் பஸ் பேசிவிட்டது. திருவிழாச் சோற்றுச் சட்டி வருகிறது, மேளம் வருகிறது, புவாட் நானா கத்தியோடு வருகிறார். இவர்களைக் கண்டால் புறாத்தீவுச் சுறா இந்தியா வரைக்கும் ஒதுங்கிவிடும். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு; பிஜியோ பஹாமாஸோ, பஸ் போகாத இடமாகப் பார்த்துப் போ. ஆனால் முடிவைச் சீக்கிரம் சொல்லடி. எதற்கும் அந்த ட்ரிப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் பிள்ளையின் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.