செவிலுக்குப் போன தேவாரம்

லண்டன் ஃபாரஸ்ட் கேட் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு இத்தால் அறியத்தருவது: வருகின்ற ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில், ‘புலம்பெயர் மண்ணில் பெண் பிள்ளைகளை ஒழுக்கமாக வளர்ப்பது எப்படி?’ என்னும் பொருளில், பண்பாட்டுக் காப்புக் கழகத் தலைவர் திரு. தேவராசா அவர்கள் பேருரை ஆற்றுவார். அன்னாரின் புதல்வி செல்வி கோசிகா தேவாரம் இசைப்பார். குடும்பத்தோடு வருக. சிற்றுண்டி உண்டு.

செல்வி கோசிகாவோ புதன்கிழமை காலை விமான நிலையத்தில் நின்றுகொண்டு தகப்பனுக்குப் போன் எடுத்தாள்.

“அப்பா, டோன்ட் பானிக். நான் பிரெண்ட்ஸோட ஸ்பெயினுக்குப் போறன். செவில் எண்டு ஒரு சிற்றி. ஈஸ்டர் லீவுதானே, திங்கள் வந்திடுவன்.”

“ஸ்பெயினோ! ஆரைக் கேட்டுப் போறாய்? ஞாயிறு ஆர் தேவாரம் பாடுறது?”

“யூரியூப்பில போடுங்கோப்பா. போர்டிங் தொடங்கீற்றுது. பாய்!”

தேவராசா கொதித்தார். ஊரார் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்கப் பத்துப் பக்கத்தில் பேச்செழுதி வைத்திருக்கிற மனிதன் அவர். அவருடைய சொந்த மகள் பெடியன் பெட்டையளோடு ஸ்பெயினில்! வெளியே தெரிந்தால் தலைவர் பதவி போய்விடும். அந்தக் கதிரையில் இருப்பதற்கென்றே உபதலைவர் குலசேகரம் பட்டுச் சால்வை வாங்கி வைத்திருக்கிறார்.

குசினிக்குள் பாய்ந்தார். மனைவி ஜெயகௌரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் பேச்சு எழுதேக்க ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது எண்டனியள்.”

பதில் சொல்வதற்குள் கழகச் செயலாளர் முகுந்தின் அழைப்பு வந்தது.

“அண்ணை, பிள்ளை ஒத்திகைக்கு எப்ப வாறா?”

தேவராசா வாய்க்கு வந்ததைச் சொன்னார். “பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், தம்பி. உடம்பெல்லாம் கொப்புளம்.”

“ஐயோ! அப்ப நீங்களும் வரேலாதே அண்ணை. வீட்டில அம்மாள் நிக்கேக்க கோயில் மண்டபத்துக்கு எப்பிடி வாறது? நீங்கள் கவலைப்படாதேங்கோ, நான் குலசேகரம் அண்ணையைப் பேசச் சொல்லுறன்.”

“பொறு, பொறு! வருத்தம் இங்கை இல்லையடாப்பா. லீட்ஸில, அவள் படிக்கிற இடத்து ஹொஸ்ரலில. நாங்கள் அவளின்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை.”

“பெத்த பிள்ளை தனியக் கிடக்குது, நீங்கள் முகத்தைக்கூடப் பாக்கேல்லையோ?”

“உங்கட ஜெயகௌரி அக்கா போறா. இப்பவே போறா!”

போனை வைத்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். “நீ வெளிக்கிடு.”

“லீட்ஸில ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. ஆனால் நீ இங்கை நிண்டால் ஆக்கள் காணுவினம்.”

“நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருக்கிறன்.”

“ஏலாது! தவமலர் கஞ்சியோட வந்து ஜன்னலுக்கால எட்டிப் பாப்பா. எங்கையாவது போ. எங்கட ஆக்களின்ர கண்ணில படாத இடமாப் பாத்துப் போ!”

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் ஜெயகௌரி எதிர்ப்பேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்ட முதல் கட்டளை அதுதான். கத்தரிக்காயைப் பாதியில் விட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். தன் சொல்லுக்கு வீட்டில் இன்னும் மதிப்பு இருக்கிறதென்று தேவராசா சற்றே நிமிர்ந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை, கழகப் பொருளாளர் தவமலர் கஞ்சியோடு வந்தே விட்டார்.

“அண்ணை, ஹொஸ்ரல் அட்ரஸைத் தாங்கோ. என்ர மகன் லீட்ஸிலதான் படிக்கிறான். வேப்பிலை குடுத்து விடுறன்.”

“ஹொஸ்ரலில இல்லை. ஆஸ்பத்திரிக்கு மாத்திப்போட்டாங்கள்.”

“எந்த ஆஸ்பத்திரி? என்ர தங்கச்சி அங்கை நேர்ஸ்.”

“அது... தனி வார்ட். ஒருத்தரையும் விடமாட்டாங்கள்.”

“அவ்வளவு கடுமையோ!” தவமலர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு விரைந்து போனார். பாவம், அழுகிறார் என்று தேவராசா நினைத்தார்.

சனிக்கிழமை போன் ஓயவில்லை. “கொப்புளம் காய்ஞ்சிட்டுதோ அண்ணை?” “அக்காவுக்குக் கால் நோகுமே, ஆறுதலா இருக்கச் சொல்லுங்கோ.” “வெயில் படாமல் பாக்கச் சொல்லுங்கோ.” லீட்ஸில் ஏது வெயில் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் இவ்வளவு பாசமுள்ள சமூகமா என்று நெஞ்சு உருகிற்று.

ஞாயிறு மாலை மண்டபத்துக்குள் நுழைந்தவர் திகைத்துப் போனார். வழக்கமாக முன்வரிசையே நிரம்பாத கூட்டம். இன்றைக்குச் சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். குலசேகரம் முதல் கதிரையில். லண்டனின் மறுகோடி ஸ்ட்ரெதமிலிருந்துகூட ஒரு வான் நிறைய ஆட்கள்.

தேவராசா முழங்கினார். “எங்கட பிள்ளையள் எங்கை நிக்கினம், ஆரோட நிக்கினம் எண்டு தாய் தகப்பனுக்குத் தெரியவேணும்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

“ஸ்கூல் லீவு விட்டால் காணும், கூட்டம் கூட்டமாய் ஊர் சுத்தப் போகுதுகள்! ஆர் குற்றம்? விடுகிற பெற்றோரின்ர குற்றம்!”

“அப்பிடிச் சொல்லுங்கோ அண்ணை!” என்றார் குலசேகரமே.

தேவராசாவின் குரல் தழுதழுத்தது. “நானும் ஒரு தகப்பன். இந்த நிமிசம் என்ர மனிசி மகளின்ர பக்கத்தில கண் முழிச்சுக்கொண்டு நிக்கிறா!”

மண்டபம் எழுந்து நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ விசிலே அடித்தார்கள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் கலைந்தபின், மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த முருகேசனின் தோளில் தேவராசா கை வைத்தார்.

“பாத்தியோ முருகேசு! எங்கட சனம் ஒழுக்கத்துக்கு எவ்வளவு தாகமாய் இருந்திருக்குது!”

முருகேசன் வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“செவிலில மகளோட சேர்ந்து ஜெயகௌரி அக்கா ஆடின வீடியோவை அக்காவே வியாழக்கிழமை பெண்கள் வாட்ஸப் குறூப்பில போட்டவா, அண்ணை. நீங்கள் என்னெண்டு சமாளிக்கிறியள் எண்டு பாக்கத்தான் சனம் வந்தது.”