விழுந்த நிலத்துக்கு ஒரு தொடை

மேலக்கரை,
திருத்துறைப்பூண்டி தாலுக்கா.
8-1-72, சனிக்கிழமை

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கௌரவமாக உத்தியோகம் பார்க்கும் திரு. பஞ்சநதம் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய அய்யாவு கும்பிட்டு எழுதிக்கொண்டது. போன கடிதத்தில் நான் 'மகாராஜராஜஸ்ரீ' என்று போட்டதற்கு, "இது நம்ம ஆட்சி, இனிமே 'திரு'ன்னு போடுங்க மாப்பிள்ளை" என்று எழுதியிருந்தீர்கள். போட்டுவிட்டேன். இங்கு நானும் ராஜாத்தியும் மாடு இரண்டும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் தங்கை பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாடு மட்டும் சுகம்னு எழுதுங்க" என்கிறாள்.

குத்தகைக்காரன் பேரைப் பதிகிற சட்டம் வந்துவிட்டது, மாயவரத்து மிராசுதாரின் ஆறு மா வயலை இருபத்திரண்டு வருஷமாக உழுகிறவர் நீங்கள், உங்கள் பேர் ரிஜிஸ்தரில் ஏறாமல் விடாதீர்கள் என்று மூன்று கார்டு போட்டீர்களே, அந்தக் கார்டை நம்பித்தான் மச்சான் மனுக் கொடுத்தேன். வருகிற திங்கட்கிழமை தாசில்தார் நேரில் வந்து, சாகுபடி செய்கிறவன் யார் என்று விசாரித்து எழுதப் போகிறார். பேர் ஏறிவிட்டால் என்னை எவனும் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் இந்த அறுப்போடு அரிவாளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். விஷயம் இப்படி இருக்கையில், கதிர் பால் பிடித்த அன்றைக்கே பன்றி வந்துவிட்டது. முத்துப்பேட்டைக் காட்டிலிருந்து வருகிறதாம். வழியில் எத்தனை வேலி நிலம் கிடக்கிறது! மிராசுதாரின் சொந்தப் பண்ணையே பக்கத்தில் கிடக்கிறது! அதற்கு என் ஆறு மாதான் கண்ணில் பட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதலில், பழைய சேலையை வரப்பைச் சுற்றிக் கட்டினால் ஆள் நிற்கிறது என்று பன்றி பயப்படும் என்றார்கள். எட்டுச் சேலை கட்டினேன். அதில் ஒன்று பழசு இல்லையாம், போன தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்ததாம். அந்தப் படுபாவிப் பன்றி மற்ற ஏழு சேலையையும் தொடவில்லை, அந்த ஒன்றை மட்டும் முதுகில் போர்த்திக்கொண்டு போய்விட்டது. அதற்கு நான் வீட்டில் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், மனுஷன் தலைமயிரைத் தூவினால் மூக்கில் ஏறி ஓடிவிடும் என்றார்கள். திருத்துறைப்பூண்டி சலூனில் இரண்டு சாக்கு முடி வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தூவினேன். காற்று திரும்பிக்கொண்டது. தெரு முழுக்கச் சோற்றில் முடி. பக்கத்து வீட்டு அம்சம் வாசலுக்கு வந்து மூன்று நாள் மண்ணை வாரித் தூற்றினாள். பன்றி என்ன செய்தது தெரியுமா? மிச்ச முடியை மெத்தையாக்கிப் படுத்திருக்கிறது. படுத்த பள்ளத்தை நானே பார்த்தேன்.

சுட்டுத் தள்ளலாம் என்றால் ஊரில் இருந்த துப்பாக்கியெல்லாம் நிலத் தகராறு அடங்குகிற வரைக்கும் என்று ஸ்டேஷனில் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே வலையும் நாயும் வேல்கம்பும் வைத்திருக்கிற அக்கரை மருதையனின் காலில் விழுந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆறு பேர், நாலு நாய், ஒரு பெட்ரோமாக்ஸ் என்று வயலில் இறங்கினோம். இந்தக் காலத்தில் ராத்திரியில் வேல்கம்போடு ஆறு பேர் வயலில் நின்றால் ஒன்று மிராசுதாரின் அடியாள், இல்லையென்றால் திருட்டு அறுப்புக்கு வந்த சங்கத்து ஆள். மூன்றாவதாக ஒரு ஜாதி இருப்பதே போலீசுக்குத் தெரியாது. ரோட்டில் போன வேன் நின்றது. "பன்னி புடிக்க வந்தோம்ங்க" என்றேன். "எந்தக் கட்சிப் பன்னிய்யா?" என்றார் ஏட்டு. விடிய விடிய நாய்களோடு சேர்த்து எங்களை ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு வயலுக்குக் காவலே இல்லை, பன்றி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து போயிருக்கிறது. புதன்கிழமை போனோம், நாய்கள் என் மாட்டைத் துரத்திக்கொண்டு பாமணி வரைக்கும் போய்விட்டன. அன்றைக்கும் பன்றிக்கு விருந்துதான்.

நேற்று வெள்ளிக்கிழமை ராத்திரி விழுந்தது மச்சான். வலையின் ஒரு முனை என் கையில். இடுப்பில் சுற்றிக் கட்டிக்கோ என்று மருதையன் சொன்னான், நானும் சொன்னபடி கேட்டேன். பன்றி வலையில் மோதியதும் என்னையும் இழுத்துக்கொண்டு வயலை மூன்று சுற்றுச் சுற்றியது. பன்றி மேயாமல் விட்டிருந்த கதிரையெல்லாம் நான் படுத்தே சாய்த்துவிட்டேன். கடைசியில் மருதையன் குத்தினான், என் வயல் நடுவிலேயே விழுந்தது. இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: குத்தினவனுக்குத் தலை, நாய்க்குக் குடல், வலை பிடித்தவனுக்கு ஆளுக்கொரு கூறு, விழுந்த நிலத்துக்கு ஒரு பின்தொடை. அந்தத் தொடையை எவன் வாங்குகிறானோ அவன்தான் அந்த வயலில் பயிர் வைத்தவன். மருதையன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நிலத்துப் பங்கு யாருக்குண்ணே?" என்று கேட்டான்.

மச்சான், என் வாயை அம்மியில் வைத்து நசுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக முதல் கதிர், முதல் பூசணிக்காய், குட்டை இறைத்தால் முதல் விரால் எல்லாம் எங்கே போகுமோ, அங்கேயே இதுவும் போகட்டும் என்று நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. "பண்ணைக்குத்தான்டா, வேற யாருக்கு?" என்றேன். மிராசுதார் வெங்காயம்கூடச் சேர்க்காத சைவர், பண்ணைக்குப் போகிற மீனும் கோழியும் அவருடைய காரியக்காரர் உத்திராபதியின் அடுப்புக்குத்தான் போகும் என்பது ஊரறிந்த கதை. ஆனாலும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! வாழையிலையில் கட்டி, பொழுது விடியுமுன் நானே தூக்கிக்கொண்டுபோய், "பண்ணைப் பங்குங்க" என்று உத்திராபதியிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு அப்போது எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் ராஜாத்தி, "உழுதது நீங்க, பன்னி இழுத்தது உங்கள, தொடை மட்டும் அவுங்களுக்கா? திங்கக்கெழமை விசாரணைய வச்சிக்கிட்டு எந்த மடையனாவது இப்படிப் பண்ணுவானா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் உறைத்தது.

உத்திராபதிக்கு அதற்கு முன்பே உறைத்திருக்கிறது. கறியைத் தின்று ஏப்பம் விட்ட கையோடு தாலுக்கா ஆபீசுக்குப் போய், அய்யாவு வெறும் கூலியாள், சாகுபடி பண்ணையுடையது, நேற்று வேட்டைப் பங்கைக்கூடப் பண்ணைக்கே கொண்டுவந்து கொடுத்தான், ஐந்து பேர் சாட்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை மிராசுதார் காரில் வந்து கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. மச்சான், எனக்கு அழுகையாக வருகிறது. சட்டம் என் பக்கம் இருந்தது, சர்க்கார் என் பக்கம் இருந்தது, நான்தான் என் பக்கம் இல்லை. ஒர்க்‌ஷாப் கேட்டில் ஒரு வாட்ச்மேன் வேலை பார்த்து வையுங்கள். பன்றியைத் தடுக்கத் துப்பில்லாதவன் கேட்டை எப்படிக் காப்பான் என்று கேட்டால், உள்ளே நெல் விளையவில்லை என்று சொல்லுங்கள். மாட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் அங்கேயே வந்துவிடுகிறோம். பொங்கலுக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம், வந்து பார்க்க ஒன்றும் இல்லை.

சௌந்தரநாயகி அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் பன்றி வராத ஊரில் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கார்டுகளை நம்பிய
அய்யாவு

பி.கு. (10-1-72, திங்கள் சாயங்காலம்): நேற்று தபாலாபீஸ் லீவு, இன்று காலையிலிருந்து விசாரணை. அதனால் கடிதம் என் மடியிலேயே இருந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். சாவடியில் ஊரே கூடியிருந்தது. மிராசுதார் நெற்றி நிறைய விபூதியோடு காரிலிருந்து இறங்கினார். கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்ட வேண்டுமாம். தாசில்தார் சத்தமாகப் படித்தார்: "மேற்படி வயலில் விழுந்த பன்றியின் பின்தொடை ஒன்றை, நிலத்துப் பங்காக, மிராசுதாரானவர் பெற்றுக்கொண்டார்." கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மிராசுதார் குதித்தாரே ஒரு குதி! "யாருய்யா பன்னிக்கறி வாங்குனது? நானா? சிவ சிவா! எவன் பயிர் வச்சானோ அவன் வாங்கியிருப்பான், எனக்கும் அந்த வயலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" உத்திராபதி காதோரம் போய் ஏதோ சொன்னார், அவருக்கும் விழுந்தது வசவு. தாசில்தார் தலையைத் தூக்காமல் அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு வயலைப் பார்க்க வந்தார். கதிர் ஒன்றுகூட இல்லை, சேறு புரண்டு கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பரவாயில்லையே, அடுத்த போகத்துக்கு இப்பவே நல்லா உழுது போட்டிருக்கீங்க" என்றார். பட்டணத்து மனுஷர். ராஜாத்தி என் முதுகில் குத்தினாள், நான் வாயைத் திறக்கவில்லை. பேர் ஏறிவிட்டது மச்சான்! நான் இருபத்திரண்டு வருஷம் உழுதது எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவில்லை, பன்றி நாலு ராத்திரி உழுதது ஏறிவிட்டது. வேலை பார்க்க வேண்டாம். மாட்டை விற்கவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் குடும்பத்தோடு வாருங்கள். வரும்போது பொங்குவதற்கு அரிசி மட்டும் கொண்டுவந்துவிடுங்கள்.