பொன்னாத்தாளுக்கு வந்த போன் வியாதி

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் பொங்கலூர் வந்து, உச்சி வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் நின்றபடி விசாரித்துக்கொள்ளலாம்.

பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய கடிதத்தைப் பனியன் கம்பெனி மேனேஜர் முனீஸ் மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். செல்போன் பார்த்து உடம்பும் மனசும் கெட்ட தொழிலாளி ஒருவரையாவது கம்பெனி கவனித்துத் தேற்றியிருக்க வேண்டுமாம். கம்பெனியைச் சோதிக்க வரும் ஆடிட் அன்று அந்த ஆளைக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் ஆர்டர் வங்காளதேசத்துக்கு. முனீஸ் சொந்த ஊர் கோவில்பட்டி பஸ்ஸுக்கு.

"ஏனுங்க முனீஸ்," என்றார் முதலாளி லிங்கசாமி. "நம்ம கம்பெனீல போன் பார்த்துக் கெட்டவங்க ஆராச்சும் இருக்காங்களா?"

"கெட்டவங்க நூத்தம்பது பேர் இருக்காங்க, முதலாளி. தேறுனவங்கதான் ஒருத்தரும் இல்ல."

"அப்பப் போனே தொடாத ஆளாப் புடிங்க. தேறியாச்சுன்னு சொல்லிப்போடலாம்."

அப்படி ஒரே ஆள்தான் அகப்பட்டாள். பொன்னாத்தாள். தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூல் பிசிறுகளை, காலை எட்டு மணியிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வெட்டுகிறவள்.

"அக்கா," என்றார் முனீஸ். "ஆடிட்டுக்கு வர்ற மேடம் கேட்டா கழுத்து வலிச்சுது, கண்ணு எரிஞ்சுது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லன்னு சொல்லணும். சரியா?"

பொன்னாத்தாள் வாயைப் பிளந்தாள். "இதெல்லாம் உங்களுக்கு ஆருங்க சார் சொன்னாங்க?"

"லெட்டர்லயே போட்டிருக்குக்கா. எங்க, போன் பார்க்கிற மாதிரி நடிங்க, பார்ப்போம்."

கையிலிருந்த கத்தரியைக் காதில் வைத்து, "அலோ" என்றாள்.

இது ஆகாது என்று முனீஸ் கடைக்குப் போய்ப் புதுப் போன் ஒன்று வாங்கி, டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். "ஆடிட் வரைக்கும் வெச்சுப் பழகுங்க."

மூன்றாம் நாள் கேன்டீனில் எட்டிப் பார்த்தவருக்குப் பகீரென்றது. பொன்னாத்தாள் மடிக்குள் தலையைக் கவிழ்த்து, கட்டை விரலால் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் காது கேட்கவில்லை. கிட்டப் போனால் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அக்கா, கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்க."

"எங்கீங்க நிமிருது? ரெண்டு கண்ணும் மொளகாத்தூள் போட்டாப்பல எரியுதுங்க."

நடிக்கச் சொன்ன வியாதி நிஜமாகவே வந்துவிட்டது! முனீஸ் போனைப் பிடுங்கி, தனக்கும் ஒட்டிக்கொள்ளப் போகிறதே என்று பனியன் துணியில் சுற்றி மேஜைக்குள் பூட்டினார்.

மறுநாள் பொன்னாத்தாளுக்கு மணிக்கட்டும் மரத்துப்போனது. திடுதிப்பென்று நிறுத்தினால் ஆபத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முனீஸ் அலறியடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியாத்தாளுக்குக் கழுத்து வலி. திங்கட்கிழமை பிசிறு வெட்டும் எட்டுப் பேருக்கும்.

"ஒத்தைப் போனுக்கு எட்டுப் பேருங்களா!" லிங்கசாமி நெஞ்சில் கை வைத்தார். "கொரோனாகூட இத்தனை வேகமா வரலீங்களே!"

டாக்டர் வந்து பார்த்தார். "குனிய விடாதீங்க. சாஞ்சு உட்காரட்டும். மணிக்கொருக்காக் கண்ணுக்கு ஓய்வு குடுங்க."

எட்டு மெத்தை நாற்காலிகள் வந்தன. எட்டாவது, லிங்கசாமியின் சொந்தச் சுழல் நாற்காலி. பெண்கள் சாய்ந்தார்கள், பிசிறோடு பனியன்கள் மேற்கூரை வரை குவிந்தன. ஷிப்மென்ட் நிற்குமா? முனீஸும் முதலாளியுமே கத்தரியைப் பிடித்தார்கள். இரண்டே நாளில் முனீஸுக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. 'நானும் போன் பார்க்கிறவன்தானே' என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆடிட் நாள் வந்தது. ஆடிட்டர் இந்துமதி, பொன்னாத்தாளை எதிரில் உட்கார வைத்தார். முனீஸ் கதவுக்கு வெளியே நின்று, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார்.

"கழுத்து வலி இருந்துச்சாம்மா?"

"இருந்துதுங்க கண்ணு. ஊட்டுக்குப் போயிப் படுத்தாலும் தூக்கம் வராதுங்க. இந்த சேர் போட்டுக் குடுத்தப்பறம்தானுங்க தலையத் தூக்கி மனுசங்க மூஞ்சியப் பார்க்கறேன்." சொல்லும்போதே பொன்னாத்தாளுக்குக் கண் கலங்கியது.

இந்துமதிக்கும் கலங்கியது. 'இவ்வளவு உண்மையாகக் குணமானவரை எங்கும் கண்டதில்லை. நாற்காலிகளை எடுக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஆர்டர் தங்கியது. லிங்கசாமி, போகட்டும் என்று தனக்கு வேறு நாற்காலி சொல்லிவிட்டார்.

பத்து நாளாக அடைத்திருந்த மூச்சை முனீஸ் இப்போதுதான் விட்டார். "பொழச்சோம்க்கா. அந்தச் சனியனைக் குடுங்க, கடையிலயே திருப்பிக் குடுத்திருதேன்."

பொன்னாத்தாள் முந்தானையை அவிழ்த்துப் போனை நீட்டினாள்.

"குடுத்த நாள்லயிருந்து தேச்சுத் தேச்சுப் பார்க்கறனுங்க சார், ஒரே கருப்பாவே கெடக்குது. இதை எங்க அமுக்குனா வெளிச்சம் வருமுங்க?"