காப்பூஸுக்கு இன்று குளியல் இல்லை

"இன்னைக்கு இவனைக் குளிப்பாட்ட மாட்டேன்!" என்று உமேஷ் கிணற்றடியில் நின்று உரக்கச் சொன்னார். அக்கா வீட்டில் இல்லாததால் குரல் நன்றாகவே வந்தது.

எதிரே வாலாட்டிக்கொண்டு நின்றது காப்பூஸ். அந்த ஊர்ப் பேச்சில் பஞ்சு என்று அர்த்தம்; பஞ்சு போல இருந்ததால் நாய்க்கு வைத்த பெயர். இப்போது காது முதல் வால் வரை கோவாவின் மாஷேல் ஊர்க் கண்ணன் கோயில் மைதானத்துச் சேறு.

ஆடித் துவாதசி. ஊர் ஆண்கள் கண்ணன் பெயரைச் சொல்லிச் சேற்றில் புரண்டு விளையாடும் நாள். மத்தியானம் உமேஷ் கண்ணயர்ந்த நேரத்தில் வாசல் கதவு எப்படியோ திறந்து, நாயும் போய்ப் புரண்டுவிட்டு வந்திருந்தது.

அக்கா சரயு பஜனை கேட்கப் போயிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வீட்டையும் பள்ளிக்கூடமாகவே நடத்துகிறவர். தரையில் ஒரு சேற்றுக் கால் தெரிந்தால், மறுநாளே நாய் கேரி கிராமத்துத் தோப்புக்குக் காவலுக்குப் போகவேண்டும் என்பது அவர் சட்டம். ஐம்பது வயதுத் தம்பி அதை மீறியதில்லை. மழை தொடங்கியதிலிருந்து தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். நாயின் வயிற்றுத் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு முனகியது.

"தோல்ல எண்ணெய்ப் பசையே இல்லையே!" என்று நேற்று கால்நடை மருத்துவர் கடிந்துகொண்டார். "மாசத்துக்கு ஒரு குளியல் போதும். சேறு காயட்டும், அப்புறம் பிரஷ்ஷால தட்டி விடுங்க. பாதத்தை மட்டும் ஈரத்துணியால துடைங்க."

காயட்டுமாம். கோவா மழையில் உமேஷின் பனியன் காயவே ஒரு வாரம் ஆகிறது.

அவர் நாயைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோய் மின்விசிறி முன்னால் உட்கார வைத்தார். முதுகுச் சேறு காய்ந்தது. காப்பூஸ் அதை உணர்ந்து உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அக்காவின் வெள்ளைப் புடவைகள் எல்லாம் புள்ளிப் புடவைகள் ஆயின.

ஜன்னல் வழியே இதைப் பார்த்துவிட்டாள் பூக்காரி ஷெவந்தி. கோயிலுக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்தவள்.

"உமேஷண்ணா, அரிசி மாவு தூவுங்க. ஈரத்தை இழுத்துக்கும்."

"நிஜமாவா?"

"எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டு நாய் மழையிலதான் குளிக்கும்."

தூவினார். மாவு ஈரத்தை இழுத்தது. இழுத்து, பசையாகி, வயிற்று முடியிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நாய் அதை நக்கிப் பார்த்து, ருசி பிடித்துப்போய் மேலும் நக்கியது.

"எண்ணெய்ச் சட்டியில போட்டா பஜ்ஜி ஆயிடுவேடா," என்றார் உமேஷ். நாலு பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்துத் தன் காலுறைகளை மாட்டிவிட்டார்.

அப்போதுதான் வாசலில் சரயு வந்து நின்றார். தலையிலிருந்து நீர் சொட்டியது. கக்கத்தில் மடித்த குடை காய்ந்தே இருந்தது.

"மழை," என்றார், யாரும் கேட்காமலே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். "புள்ளி போட்ட புடவையெல்லாம் யாருது?"

"கண்ணாடி எங்கேக்கா?"

"பையில இருக்கு. நாய் வெள்ளையா இருக்கே. குளிப்பாட்டிட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உமேஷுக்கு அந்தச் சிவந்த வயிறு நினைவுக்கு வந்தது.

"இல்லக்கா," என்றார்.

அதற்குள் காப்பூஸ் காலுறைக் கால்களால் வழுக்கிக்கொண்டே ஓடி, அக்காவின் தோளில் இரண்டு முன்னங்கால்களையும் போட்டு முகம் முழுக்க நக்கியது. இந்த நாய் அக்காவிடம் இப்படிக் குழைந்து உமேஷ் பார்த்ததே இல்லை.

"ச்சீ, இறங்கு! என்னடா இது, மாவா? மாவுக்குள்ள சேறா?"

"ரெண்டும்தான்."

"கிணத்தடிக்குக் கொண்டுபோ. இல்லேன்னா காலையில கேரிக்கு அனுப்பிடுவேன்."

"மாட்டேன்."

"என்ன சொன்னே?"

"கிணத்தடிக்கும் கொண்டுபோக மாட்டேன், கேரிக்கும் அனுப்ப மாட்டேன். அனுப்பினா நானும் கூடப் போறேன். அங்க ரெண்டு பேரும் காவல் காக்கிறோம்." உமேஷின் வாய் நிற்கவில்லை. "கோயில்ல தேவகி புள்ளையை இடுப்பில வச்சிருக்காளே, அவ சேத்துக்காகத் தோலை உரிச்சாளா? இதுவும் சாமி முன்னால விளையாடின சேறுதானே? தரையை நான் துடைக்கிறேன், புடவையை நான் துவைக்கிறேன். இவன் மேல ஒரு சொம்புத் தண்ணி விழாது."

சரயு ஈரத் தலையோடு நாயின் வயிற்றருகே குனிந்து, கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். சிவந்த இடத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டார்.

"சேறு பட்டாலே பாவம்னு நினைக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!" என்று உமேஷ் கடைசியாக ஒரு போடு போட்டார்.

வாசலில் ஷெவந்தியின் குரல் கேட்டது. காலிக் கூடையோடு வந்தவள், முந்தானையில் எதையோ துடைத்து நீட்டினாள்.

"டீச்சர், உங்க கண்ணாடி! ஆம்பளைங்க எல்லாம் போனப்புறம் நீங்களும் காப்பூஸும் உருண்டு விளையாடின இடத்துல கிடந்துச்சு. போன வருஷம் செருப்பு, இந்த வருஷம் கண்ணாடி. அடுத்த வருஷமாவது எல்லாத்தையும் என்கிட்ட குடுத்துட்டு இறங்குங்க!"