அரை மணி எரிச்சல்

மாத்திரை உள்ளே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“நெஞ்செரியுதுங்க மாப்ள,” என்றாள் சென்னியம்மாள்.

பாலுசாமி கடிகாரத்தைப் பார்த்தான். “இன்னும் இருபது நிமிசம் படுக்கக் கூடாதுங்க அத்தை.”

எலும்பு மெலிவுக்குக் கோயமுத்தூர் டாக்டர் எழுதிய புது மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். மருமகன் எதிரில் உட்கார்ந்து பழகாதவள் முதல் நாள் கதவோரம் நின்றாள். மூன்றாம் நாள் நாற்காலி நுனிக்கு வந்தாள். உட்கார்ந்தால் மகள் கீதாவின் கதைதான். சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது, கணக்குப் பரீட்சையில் தூங்கியது. கீதா இறந்து ஒன்பது மாதம். அந்த வீட்டில் அவள் பெயர் கேட்பது அந்த அரை மணியில் மட்டும்தான்.

கோபியில் இருக்கும் மச்சான், கீதாவின் அண்ணன், போனில் சொல்லிவிட்டார்: “மகளே இல்லாத ஊட்டுல மாமியா இருந்தா நாலு பேரு என்னங்க பேசுவாங்க? வைத்தியம் முடிஞ்சதும் கூட்டிக்கறேன்.”

எரிச்சல் தீர்ந்தால் அத்தை போய்விடுவாள். அதற்காக எரியட்டும் என்று விட முடியுமா? பாலுசாமி கெமிஸ்ட்ரி வாத்தியார். அதிமதுர வேர் இரைப்பையைக் காக்கும் என்று எதிலோ படித்திருந்தான். கோட்டைமேட்டில் அப்துல் குத்தூஸின் நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிக் கொடுத்தான்.

பொடி கொடுத்த நாலாம் நாள், “கால் வீங்கிப்போச்சுங்க மாப்ள.”

வேரில் இருக்கும் இனிப்புச் சத்துதான் வீக்கத்துக்குக் காரணம். அதைப் பிரித்தெடுக்கக் கல்லூரி லேபில் காய்ச்சினான். மறுநாள் லேப் முழுக்க எறும்பு. பிரின்சிபால் மேஜை வரை வந்துவிட்டது.

“பாலுசாமி, இது லேபா, மிட்டாய்க் கடையா?”

மிஞ்சிய தூளைக் கொடுத்தான். வீக்கம் வடிந்தது.

“எரிச்சல் அப்படியேதானுங்க இருக்குது,” என்றாள். மத்தியானம் மோர்மிளகாய் இரண்டைக் கடித்துக்கொண்டு சோறு தின்றாள். எரிச்சல் காலையில் மட்டும்தான் வந்தது.

விஷயம் கோபியில் மச்சான் காதுக்கு எட்டியது. “லேபுல காச்சுனதையா எங்கம்மாளுக்குக் குடுத்தீங்க? நாளைக்கே வண்டி கொண்டாரேன். ஈரோட்டுல பாத்துக்கறோம்.”

அத்தை சேலைகளை மடித்தாள். பாலுசாமி கடைசியாக ஒரு தடவை குத்தூஸின் கடைக்குப் போனான்.

“உங்க வேரு கேக்கலைங்க பாய். எரிச்சல் நிக்கவே இல்லை. நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

குத்தூஸ் தராசைக் கீழே வைத்தார்.

“மொதப் பொடியிலயே நின்னுபோச்சுங்க சார். நீங்க காலேஜுக்குப் போனப்புறம் அம்மா இங்க வந்து, ‘மாப்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க பாய், எரிச்சல் நின்னுபோச்சுன்னா நான் எதச் சொல்லிங்க அந்த ஊட்டுல இருக்கறது’ன்னு கேட்டுட்டுப் போனாங்க.”