சரோஜா அத்தை குடியை நிறுத்திய கதை

எங்கள் பக்கத்தில் குடிப்பதற்கு இடம் தேடி யாரும் அலைந்ததில்லை. குடியை விடுவதற்குத்தான் அலைய வேண்டும். நானும் அலைந்தேன்.

உத்திரமேரூரில் எனக்கு உரக்கடை. கடை எப்போது திறந்திருக்கும் என்பது முந்தின நாள் நான் எவ்வளவு குடித்தேன் என்பதைப் பொறுத்தது. டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, குடியை விடுகிறவர்கள் வாலாஜாபாத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவதாகச் சொன்னார். வீட்டில் சொல்லவில்லை. ‘விட்டுடறேன்’ என்று என் மனைவி செல்வியிடம் அத்தனை முறை சொல்லியிருந்தேன். மறுபடி சொன்னால் அவள் சிரித்திருப்பாள், அதற்குப் பயம். உரக் கம்பெனி மீட்டிங் என்றேன். (மீட்டிங் என்ற வரையில் உண்மைதானே.)

வாலாஜாபாத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரரின் காதோரம் குனிந்து விசாரித்தேன். அவர் எதிர்க்கடைக்காரரிடம் தெருவுக்கே கேட்கும்படி, “யோவ், குடிய வுடற ஆளுங்க எங்கய்யா கூடறாங்க? இவரு கேக்கறாரு” என்றார். தெருவே வழி காட்டியது. ஒயின் ஷாப்புக்கு நேர் எதிர் மாடியில் ஒரு டியூஷன் சென்டர். சுவரில் வாய்ப்பாடு, குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகள். அதில் ஒன்றில் முழங்காலைத் தாடை வரை மடக்கிக்கொண்டு என் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

மாமா சாலவாக்கத்தில் பெரிய விவசாயி. நான் குடிப்பதைப் பற்றி இரண்டு முறை பஞ்சாயத்து வைத்தவர். வீட்டில் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“மாப்ள, இங்க பாத்தத வெளிய சொல்லக் கூடாது. அது இங்க ரூல்ஸ்.”

சொல்லவில்லை. அதன் பிறகு வாராவாரம் மீட்டிங்கும் பஜனையும் ஒழுங்காக நடந்தன. மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும்போது நான் சுவரிலிருக்கும் வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருப்பேன். நான் என் கதையைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

எங்கள் இருவரையும் ஒயின் ஷாப் வாசலில் ஒன்றாகப் பார்த்ததாக யாரோ செல்வியிடம் சொல்லிவிட்டார்கள். பைக்கை அங்கேதான் நிறுத்துவோம், நிழல் இருக்கும். மாமனாரும் மருமகனும் கூட்டு சேர்ந்து குடிக்கிறார்கள் என்று அம்மாவும் பெண்ணும் முடிவுகட்டி, அடுத்த ஞாயிறே ஷேர் ஆட்டோ ஏறி வந்துவிட்டார்கள். ஒயின் ஷாப்புக்குள்ளேயே போய் அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக மாடியைக் காட்டினார்களாம்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றார் என் மாமியார் சரோஜா அத்தை. பின்னால் செல்வி. நாங்கள் இருவரும் குட்டி பெஞ்சுக்குள் இன்னும் குட்டியானோம்.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு ரிடையர்டு வாத்தியார். அந்த மாடிக்கு அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாங்கம்மா. வெக்கமே வேணாம். பேர மட்டும் சொல்லுங்க, அப்புறம் மனசுல கீறத சொல்லுங்க. யாரும் குறுக்க பேச மாட்டாங்க.”

குறுக்கே பேச மாட்டார்கள் என்றதும் அத்தையின் முகமே மாறிவிட்டது. அப்படி ஒரு சலுகை அவருக்கு எங்கள் குடும்பத்தில் கிடைத்ததே இல்லை. திட்ட வந்ததை மறந்து, முன்னால் போய் நின்றார்.

“எம் பேரு சரோஜா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தக் குடியால எனக்கு நிம்மதி இல்ல. பொழுது சாஞ்சா வூட்ல சண்ட. சட்டி பானய தூக்கிப் போட்டு ஒடச்சிக் கீறேன். புள்ளைங்களுக்குச் சோறு ஆக்காம அழுதுகினு படுத்துக் கீறேன். ஊர்ல எவ மூஞ்சியையும் நிமிந்து பாத்தது கெடயாது.”

யார் குடித்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அறையில் இருந்தவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். வாத்தியார், இனி ஒரு சொட்டும் தொடக் கூடாது என்று அத்தையிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார். அத்தையும் குழப்பத்தோடு கையில் அடித்துக் கொடுத்தார். நான் எழுந்து விளக்கியிருக்கலாம். மாமாவும் விளக்கியிருக்கலாம். ஆனால் அங்கே குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. வாழ்க்கையிலேயே முதல் முறையாக இரண்டு பேரும் ஒரு விதியை மதித்தோம்.

திரும்பும்போது செல்வி என் பைக்கில் ஏறிக்கொண்டாள். பாலாறு தாண்டியதும், “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றாள். நீ சிரிப்பாய் என்று பயந்தேன் என்றேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

அன்றோடு இருவரும் விட்டுவிட்டோம் என்று எழுத ஆசைதான். மாமா விட்டார். நான் ஒரு பொங்கலில் சறுக்கி, வெட்கத்தோடு மறுபடி அதே குட்டி பெஞ்சில் போய் உட்கார்ந்து, பிறகு விட்டேன். அத்தை விஷயம்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. டவுன் பஸ்ஸில் ஒருநாள் கூட்டத்து ஆள் ஒருவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்து, “தொடாமத்தான கீறீங்கம்மா?” என்று அக்கறையாக விசாரித்தார். பஸ்ஸில் காவாந்தண்டலத்துச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பஸ் ஊர் போய்ச் சேரும் முன்பே செய்தி சேர்ந்துவிட்டது.

எங்கள் உறவில் குடியை நிறுத்திய ஆள் என்றால் இப்போது அத்தைதான். அந்த உறவினர்களே முன்பு வற்புறுத்தி ஊற்றிக் கொடுத்ததைக் குடித்து, பிறகு விட்ட என்னையும் மாமாவையும் யாரும் நினைப்பதில்லை. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை பன்னீர் சோடா கேட்டார். பரிமாறியவர் பாட்டிலைத் திறக்காமல் தயங்கி, மாமாவிடம் மெதுவாக, “குடுக்கலாமாண்ணே?” என்றார்.

மாமா சற்று யோசித்தார்.

“ஒண்ணே ஒண்ணு குடு” என்றார்.